அரை இட்லியில் வயிறு நிறைந்தால்...



நான் ராஜபாளையத்தைச் சேர்ந்த இல்லத்தரசி. வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் கணவர் பக்கத்தில் சத்திரப்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிறார்களே, அந்த பேண்டேஜ் துணி நெய்கிற தறி. ஒரு மகள், ஒரு மகன். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மற்ற சகோதரிகள் எழுதுவதைப் படித்திருக்கிறேனே தவிர, நானாக எழுதுவது இதுதான் முதல் முறை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது இரைப்பை கிடையாது. ஆமாம், 2023-ல் ஆபரேஷன் செய்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். "இரைப்பை இல்லாமல் மனுஷி உயிரோடு இருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2022-ம் வருஷம் ஆடி மாதம் ஆரம்பித்தது. காலையில் நான்கு இட்லி சாப்பிடுகிற எனக்கு இரண்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது. கொஞ்ச நாளில் ஒன்று. அப்புறம் அரை இட்லி. பசிக்கும், ஆனால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. நெஞ்சுக்குக் கீழே கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். புளித்த ஏப்பம் வரும்.

நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியாது. சோறு மிஞ்சினால், "இன்னைக்கு அரிசி கூடப் போட்டுட்டேன் போல" என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன்.

மருந்துக் கடையில் 'கேஸ் டிரபிள்' என்று சொன்னால் ரோஸ் கலரில் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அதைக் குடித்தால் இரண்டு மணி நேரம் இதமாக இருக்கும். தெருமுனை டாக்டரிடமும் ஒருமுறை போனேன். "அல்சரா இருக்கும்மா. நேரத்துக்குச் சாப்பிடுங்க. பத்து நாள் மாத்திரை தர்றேன். கேட்கலைன்னா திரும்ப வாங்க, எண்டோஸ்கோபி பார்க்கணும்" என்றார். மாத்திரை போட்டதும் எரிச்சல் அடங்கியது. நான் திரும்பப் போகவே இல்லை. தீர்ந்துபோகும்போதெல்லாம் பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிக்கொண்டேன். இப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். டாக்டர் மேல் குறை சொல்ல மாட்டேன். தப்பு என் பேரில்தான்.

தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் தொளதொளவென்று தொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, "என்ன டயட் இருக்க? இடுப்பு இப்படி இறங்கிப் போச்சு! எனக்கும் சொல்லித் தாயேன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

2023 பொங்கலுக்கு என் நாத்தனார் வந்தார். அவர் கிராம சுகாதார செவிலியர். பொங்கல் அன்று எல்லாரும் பிடிவாதமாகச் சொல்கிறார்களே என்று ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். பத்தே நிமிஷத்தில் கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தேன். பின்னாலேயே வந்தவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"மதினி, என்ன இது, முதுகெலும்பு கையில தட்டுது? எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அன்றைக்கே என்னை மெஷினில் ஏற்றி எடை பார்த்தார். 50 கிலோ. போன வருஷம் ரத்த தான முகாமில் பார்த்தபோது 61 கிலோ இருந்தேன். நாத்தனார் என் கணவரைக் கூப்பிட்டு, "அண்ணே, சும்மா இருந்து பதினோரு கிலோ குறையாது. நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். என் மாமியார், "நல்ல நாளும் அதுவுமா ஏன்டி பயமுறுத்துற? பொம்பளைக்கு வயித்து வலி வராமலா இருக்கும்?" என்றார். நாத்தனார் விடவில்லை. அவர் போட்ட சண்டையால்தான் நான் இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி செய்தார்கள். தொண்டையை மரத்துப்போக வைத்து, கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக விடுவார்கள். அசௌகரியம்தான், ஆனால் பயப்படும்படி வலி கிடையாது. பத்து நிமிஷ வேலை. உள்ளேயிருந்து துளித் துளியாகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி என்கிறார்கள்.

ஒரு வாரத்தில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய் அணுக்கள் இல்லை! என் கணவர் அந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டார். ஊருக்குப் போனதும் நீர்காத்த அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். ஆனால் டாக்டர் முகம் மலரவில்லை.

"ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. ஆனா நான் கண்ணால பார்த்தது நல்லா இல்லை. காத்து விட்டா இரைப்பை பலூன் மாதிரி விரியணும். உங்களுக்கு விரியவே இல்லை. சுவர் தடிச்சு இறுகிப் போயிருக்கு. இன்னொரு தரம், இன்னும் ஆழமா எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

என் கணவருக்குக் கோபம். "இல்லைன்னு வந்த பிறகு எதுக்குத் திரும்பக் குத்தணும்? காசு பிடுங்கத்தானே?" என்று வெளியே வந்து புலம்பினார். கிளம்பிவிடலாம் என்றுகூட எழுந்துவிட்டார். நாத்தனாருக்குப் போன் போட்டோம். "டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்றார். இரண்டாம் முறை எடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ஆழமாகக் கிள்ளி எடுத்தார்கள். அதில் நோய் அகப்பட்டது.

அன்று டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். கணவர் மட்டும் உள்ளே இருந்தார். வெளியே வந்தவர், "ஒண்ணுமில்ல, புண்ணு கொஞ்சம் பெரிசா இருக்காம்" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திருமங்கலம் தாண்டியதும் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"என்னங்க, இது என் வயிறு. எனக்குத் தெரியாம அதுல என்ன ரகசியம்? கேன்சரா?" என்று கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். டி.கல்லுப்பட்டி வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான்தான் சொன்னேன்: "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப நானும் உள்ளதான் இருப்பேன்."

அப்படியே இருந்தேன். என் மகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோய், டாக்டர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டேன். அவரும் முகம் சுளிக்காமல் படம் போட்டு விளக்கினார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வயிற்றுப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் கட்டி போல, புண் போல ஓரிடத்தில் இருக்கும். எனக்கு வந்தது அபூர்வ வகை. பெயர் லினைட்டிஸ் பிளாஸ்டிகா. இது கட்டியாகத் திரளாது. இரைப்பைச் சுவருக்குள்ளேயே எண்ணெய் ஊறுகிற மாதிரி பரவி, சுவர் முழுவதையும் தடித்த தோல் பை போல இறுக்கிவிடும். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய இரைப்பை விரியாமல் நின்றுவிடும். அரை இட்லியில் என் வயிறு நிறைந்த காரணம் இதுதான். மேல்தோல் பார்வைக்குச் சுமாராக இருக்கும், நோய் அடியில் இருக்கும். அதனால்தான் முதல் பயாப்ஸியில் சிக்கவில்லை. அணுவுக்குள் கொழகொழவென்று சளி போல நிரம்பி, நடுவில் இருக்க வேண்டிய கரு ஓரத்தில் ஒதுங்கிவிடுமாம். மைக்ரோஸ்கோப்பில் கல் வைத்த மோதிரம் மாதிரி தெரிவதால் அதற்கு 'முத்திரை மோதிர அணு' என்று பெயர். வேகமாகப் பரவக்கூடியது. வயதானவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வயிற்றுப் புற்றுநோய் வந்தால் இந்த ரகமாக இருப்பது அதிகம் என்றார்.

மாமியார் டாக்டரிடம் கேட்டார், "அய்யா, இவ காரம் அள்ளிப் போட்டுச் சாப்பிடுவா. அதனாலயா?" டாக்டர், "இன்னதாலதான்னு ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாதும்மா. புகை, உப்பு அதிகமான சாப்பாடு, இரைப்பையில தங்குற ஹெலிகோபேக்டர்னு ஒரு கிருமி, இதெல்லாம் வயித்துப் புற்றுநோய்க்கு வழி விடும். ஆனா உங்க மருமகளுக்கு எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியாது. இது ஒட்டுவாரொட்டி இல்லை. தட்டு, டம்ளர் ஒதுக்கி வைக்காதீங்க" என்றார். கடைசியில் சொன்னதைத் தெருவில் இரண்டு வீட்டுக்கு என் மாமியாரே போய்ச் சொன்னார்!

சி.டி. ஸ்கேனில் வேறு உறுப்புகளில் நோய் தெரியவில்லை. ஆனால் இந்த வகை, வயிற்றுக்குள் எல்லா உறுப்பையும் மூடியிருக்கும் சவ்வில் கடுகு கடுகாகத் தூவின மாதிரி பரவுமாம். ஸ்கேனுக்கு அது தப்பிவிடலாம். அதனால் தொப்புள் பக்கம் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதையும் பரிசோதித்தார்கள். பரவியிருந்தால் ஆபரேஷன் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பரவவில்லை.

என் பக்கத்துக் கட்டிலில் கோவில்பட்டி அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே நோய், இதே பரிசோதனை. ஒரு வருஷமாக ரோஸ் கலர் பாட்டில் குடித்தவர். அவருக்குச் சவ்வில் பரவிவிட்டது. "உனக்கு ஆபரேஷன் உண்டாமே தாயி... நல்லா இரு" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மருந்து மட்டும் ஏற்றினார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம் சில மாதங்கள்தான். இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.

முதலில் நான்கு தடவை கீமோதெரபி, பிறகு ஆபரேஷன், மறுபடி நான்கு தடவை கீமோ என்று திட்டம் சொன்னார்கள். "நேரா வெட்டி எடுத்துட வேண்டியதுதானே?" என்று என் கணவர் கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் உடம்பில் அலைகிற அணுக்களை முதலில் அடக்கிவிட்டு, நோயையும் சுருக்கிவிட்டு அறுத்தால் பலன் கூடுதல் என்று டாக்டர் விளக்கினார். ஜெர்மனியில் 716 நோயாளிகளிடம் பார்த்த ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்ததாம். நான்கு மருந்தைச் சேர்த்து, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தருகிற இந்த முறை, பழைய முறையைவிட ஆயுளைக் கூட்டியிருக்கிறது என்றார். "குணமாயிடும்னு கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். ஆனா குணப்படுத்தணும்னுதான் இறங்குறோம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது.

2023 பிப்ரவரி கடைசியில் முதல் கீமோ. பதினைந்து நாளைக்கு ஒருமுறை. கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்ன டப்பா மாதிரி ஒன்றைப் பதித்துவிட்டார்கள். 'போர்ட்' என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கையில் நரம்பு தேட வேண்டியதில்லை. ஒரு மருந்து மட்டும் 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். இரண்டு நாள் தங்கிவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புவோம்.

முடி கொட்டும் என்று தெரியும். கேள்விப்படாதது ஒன்று நடந்தது. முதல் கீமோ முடிந்து வந்து, மாவு எடுக்க பிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தைத் தொட்டேன். கரண்ட் அடித்த மாதிரி விரல் முழுவதும் சுரீர் என்று இழுத்தது. பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஊசி குத்தியது. பயந்துபோய்ப் போன் செய்தால், அந்த நான்கில் ஒரு மருந்துக்குக் குளிர்ச்சியே ஆகாதாம், சில நாளில் தணியுமாம். அதிலிருந்து வெந்நீர்தான். என் மகன், அப்போது ஏழாவது படித்தவன், "அம்மா பிரிட்ஜைத் தொடக் கூடாது" என்று பேப்பரில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டான்.

வாய்ப் புண், பேதி, வாந்தி, அசதி எல்லாம் வந்தது. ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிடும் என்பதால் அதற்கென்று ஊசி போட்டார்கள். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்து, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார்கள். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு ஒரு ராத்திரி அப்படிப் போக நேர்ந்தது. கசாயம் வைத்துக் குடித்துக்கொண்டு காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ!

முடி உதிர ஆரம்பித்ததும் மகளைவிட்டு ஒட்ட வெட்டச் சொன்னேன். அந்த வருஷம் அவள் பத்தாம் வகுப்பு. ஏப்ரலில் பொதுத் தேர்வு. கத்தரிக்கோலைப் பிடித்த கை நடுங்கியது. "அம்மா, நீ செத்துப் போயிடுவியா?" என்று முதல் முறையாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பஸ்ஸில் நான் என் கணவரிடம் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "தெரியலைடா. அதுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறோம். நான் என் வேலையைப் பார்க்கிறேன், நீ உன் வேலையைப் பாரு" என்றேன். அழுதாள். அழுது முடித்துவிட்டுப் படிக்கப் போனாள். 431 மார்க் வாங்கினாள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது நான் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். இரைப்பை முழுவதையும், அதைச் சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, உணவுக் குழாயைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைத்தார்கள். உலகத்தில் முதன்முதலாக இப்படி முழு இரைப்பையையும் எடுத்துப் பிழைக்க வைத்தது 1897-ல், சுவிட்சர்லாந்தில் என்று டாக்டர் சொன்னார். "அந்த அம்மா 14 மாசம் இருந்தாங்க. இப்ப நமக்கு அதைவிட எவ்வளவோ வசதி இருக்கு" என்றார்.

தையல் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று தெரியும்வரை வாய் வழியே எதுவும் கிடையாது. குடலில் வைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. ஆறாம் நாள் மருந்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு இல்லை. இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். சகோதரிகளே, அந்தத் தண்ணீரின் ருசியை எப்படிச் சொல்வேன்! காயத்துக்குத் துணி மாற்ற வந்த நர்ஸிடம், "இது எங்க ஊர்த் துணி சிஸ்டர். இவர் நெய்ததாக்கூட இருக்கும்" என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர், அந்தத் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எடுத்த 32 முடிச்சுகளில் நான்கில் நோய் இருந்தது. வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. அதற்குப் பிறகு பாக்கி நான்கு கீமோ. உடம்பு தாங்காமல் மருந்தின் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். செப்டம்பரில் முடிந்தது. அப்போது என் எடை 41 கிலோ.

இந்த வகை நோய் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருவது உண்டு. அதனால் எனக்கு ரத்தத்தில் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். நோயைவிட அந்த ரிசல்ட்டுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். என் மகள் முகம்தான் கண்முன் நின்றது. பரம்பரைக் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று வந்ததும்தான் ராத்திரி தூங்கினேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எங்களிடம் இருந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆபரேஷனும் கீமோவும் பெரும்பகுதி அதில் நடந்தன. போக்குவரத்து, தங்கல், ஸ்கேன், சத்து மாவு என்று கைச் செலவுக்கு என் ஆறு பவுன் செயின் அடகுக்குப் போனது. இந்த அட்டை இல்லாவிட்டால் வீட்டையே விற்றிருப்போம். உங்கள் வீட்டில் அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நோய் வந்த பிறகு ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு அலைவது கொடுமை.

இரைப்பை இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறேன்? இங்கேதான் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பொம்பளை சாப்பிட்டாளா இல்லையான்னு யாரு பார்க்கா?" என்று சொல்லியே பழகியவர். அவருக்கும் யாரும் பார்த்ததில்லை, பாவம். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, பரணிலிருந்து பழைய பித்தளை உழக்கை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்தார். காலை ஆறரை, ஒன்பது, பதினொன்று, ஒன்றரை, நாலு, ஆறரை, ஒன்பது என்று ஏழு வேளை. ஒவ்வொரு வேளையும் உழக்கில் அளந்துதான் தட்டில் போடுவார். குழைந்த சோறும் பருப்பும், அவித்த முட்டை, முள் எடுத்த மீன், கேழ்வரகுக் கூழ், இட்லி. நன்றாக மென்று, அவசரப்படாமல் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் விட்டுத்தான் குடிக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் முதல் தட்டு. "தாயி, மணியாச்சு. அரை உழக்கு இருக்கு, எந்திரி" என்ற குரல் கேட்டால் எழுந்துவிட வேண்டும்!

ஒருமுறை ஆசைப்பட்டு, மகன் பிறந்தநாளில் ஒரு டம்ளர் பாயசம் குடித்துவிட்டேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, படபடவென்று நெஞ்சு அடித்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். இனிப்பு இரைப்பையில் தங்காமல் நேராகக் குடலுக்குள் கொட்டுவதால் வருகிற தொல்லை இது. அன்றிலிருந்து இனிப்பை நாக்கில் தொட்டுப் பார்ப்பதோடு சரி. இரைப்பைதான் பி-12 வைட்டமினை உடம்பில் சேர்க்க உதவுமாம். அது இல்லாததால் ஆயுசு முழுக்க பி-12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மாத்திரையாக.

இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. இப்போது என் எடை 47 கிலோ. முடி வளர்ந்துவிட்டது. விரல் நுனியில் மட்டும் லேசான மரமரப்பு பாக்கி இருக்கிறது. பூக் கட்டினால் நூல் நழுவும். ஸ்கேனுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும், இரைப்பையே இல்லாவிட்டாலும்! இந்த நோய் திரும்பி வரக்கூடியது என்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் தாண்டட்டும் என்கிறார் டாக்டர். நான் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை. அடுத்த வேளை, அடுத்த அரை உழக்கு. மகள் பிளஸ் டூவும் முடித்துவிட்டாள். அவள் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நின்று அனுப்பி வைத்தேன். அதுவே எனக்குக் கிடைத்த வரம்.

சகோதரிகளே, வயிறு எரிந்தால் எல்லாம் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது புற்றுநோயாக இருக்காது. ஆனால் கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, காரணமில்லாமல் எடை குறைவது, அடிக்கடி வாந்தி, கறுப்பாக மலம் போவது, விழுங்கச் சிரமம், ரத்த சோகை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால், மருந்துக் கடைப் பாட்டிலோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய் எண்டோஸ்கோபி வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை போட்டு எரிச்சல் அடங்கியதை நோய் போய்விட்டதாக நினைக்காதீர்கள். பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தும் டாக்டர் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றால் கோபப்படாமல் செய்துகொள்ளுங்கள். யாராவது "இளைச்சுட்டியே, அழகா இருக்க" என்று சொன்னால், வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை எடை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, உங்கள் தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள். முடிந்தால் அடுப்படியில் உட்காராமல், அவர்களோடு சேர்ந்து கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா அரை இட்லியோடு எழுந்துவிட்டாள் என்பது உங்கள் பிள்ளைகளில் ஒருவர் கண்ணிலாவது படட்டும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
ராஜபாளையம்.